மூலகங்கள் எத்தனை?
(அகரத்தில் செய்த சொற்பொழிவு)



உலகம் எவற்றால் ஆனது என்று கேட்டால் நம்மவர்கள் யோசியாமல் "பஞ்சபூதம்" என்பார்கள். அந்தக் கணக்கில் அன்று முதல் இன்றுவரை ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் தண்ணீரோ ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடியது. காற்று பல வாயுக்களின் கலப்பு. நெருப்பு ஒரு பொருளே அல்ல. நமது திண்டுக்கல் பூட்டிலுள்ள இரும்பு ஒரு மூலகம். பித்தளையோ செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. இவற்றை அந்த ஐந்தில் எதில் அடைப்பது?

1869-இல் ருஷியரான மெண்டலீவ், அன்று தெரிந்திருந்த 63 மூலகங்களையும் அணு எடைப்படி வரிசையாக்கினார். தெரியாத இடத்தைக் கதையால் நிரப்பாமல் காலியாக விட்டு, அங்கு வரவேண்டியதன் குணம் இன்னதென்றும் எழுதி வைத்தார். 1875-இல் பிரான்சில் கேலியம் அகப்பட்டது. கண்டுபிடித்தவர் அதன் அடர்த்தி 4.7 என்றார். அந்த உலோகத்தைக் கண்ணாலும் பாராத மெண்டலீவோ, "சுமார் 5.9 இருக்கவேண்டுமே, மறுபடி சோதியுங்கள்" என்றார். சுத்தம் செய்து சோதித்ததில் 5.9 தான் வந்தது! இதில் ஞானதிருஷ்டி யாதொன்றுமில்லை. தப்பானால் எவரும் தப்பென்று காட்டிவிடக்கூடிய கணக்கு. (அந்தக் காலியிடத்துக்கு அவர் "ஏக அலுமினியம்" என்று பெயர் வைத்ததைக் கண்டு, எல்லாம் வேதத்திலேயே இருக்கிறதென்று யாரும் புறப்பட வேண்டாம். ஏக என்றால் ஒன்று, அவ்வளவே.)

இன்று மூலகங்கள் 118. நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னசின், ஓகனெசான் என்ற நான்குக்கும் சர்வதேச ரசாயனச் சங்கத்தார் பெயரை உறுதி செய்தது 2016 நவம்பரில்தான். அதற்கு முந்தி அச்சான படங்களில் அப்பெயர்கள் இரா. மூன்றெழுத்துத் தற்காலிகக் குறிகள் இருந்தாலும் இருக்கும். அணு எடைகளையும் அவர்கள் அவ்வப்போது திருத்துகிறார்கள். திருத்திய அட்டவணையை இணையத்தில் காசில்லாமலே கொடுக்கிறார்கள்.

இப்படியிருக்க, டில்லியிலுள்ள தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுவினர் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து இந்தப் பாடத்தையே எடுத்துவிட்டது 2023-இல் பெரும் பேச்சாயிற்று. பிள்ளைகளின் சுமையைக் குறைக்கிறோம், பதினோராம் வகுப்பில் இருக்கிறது என்றார்கள். பத்தோடு நிற்கிற பிள்ளையும், மேலே ரசாயனம் எடுக்காத பிள்ளையும் எங்கே போய்ப் படிப்பது? சுமக்க முடியாத சுமை இது ஒன்றுதானா? 2019-இல் வந்த நம் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகம் இதைத் தனிப் பாடமாகவே வைத்தது.

ஆகையால் பெற்றோர்களே, திங்கட்கிழமை உங்கள் பிள்ளையின் பள்ளிக்குப் போய்ச் சுவரிலுள்ள படத்தின் கடைசி எண்ணைப் பாருங்கள். 118-இல் ஓகனெசான் என்றிருந்தால் சரி. இல்லையேல் வாத்தியாரைக் கோபியாமல், புதுப்படம் ஒன்று அச்செடுத்துக் கையோடு கொடுத்துவிட்டு வாருங்கள்.