உள்நுழைவு வாயிலின் தாங்குதிறன்

மருத்துவக் காப்பீடு வாங்குவதற்காக அமெரிக்க அரசு 2013 அக்டோபர் 1 அன்று திறந்த ஹெல்த்கேர்.கவ் இணையதளத்தில், முதல் நாளில் பதிவை முடித்தவர்கள் ஆறே பேர் என்பது, அந்நாட்டுக் காங்கிரசின் குழு ஒன்று பின்னர் வெளியிட்ட குறிப்புகளால் தெரியவந்தது. ஒரே நேரத்தில் ஐம்பது அறுபதாயிரம் பேரை எதிர்பார்த்த தளத்துக்கு 2,50,000 பேர் வந்தது ஒரு காரணம்தான். திட்டங்களின் விலையைப் பார்ப்பதற்கே கணக்குத் தொடங்கியாக வேண்டும் என்று வைத்திருந்ததால், வாங்க வந்தவர்களும் விசாரிக்க வந்தவர்களும் ஒரே உள்நுழைவு வாயிலில் முட்டிமோதியதே பெருங்காரணம்.

செய்திப் பக்கம் ஒன்றை ஒருமுறை தயாரித்து அதன் நகலை இலட்சம் பேருக்கு வழங்கிவிடலாம். கடவுச்சொல்லையோ ஆளுக்கு ஆள் தனித்தனியே சரிபார்த்தாக வேண்டும். அக்கடவுச்சொல், மூலத்தை மீட்டெடுக்க முடியாத ‘ஹேஷ்’ என்னும் குறியீடாக மாற்றப்பட்டே சேமிக்கப்படுகிறது. அக்குறியீடுகள் அடங்கிய கோப்பைத் திருடியவர் கோடிக்கணக்கான சொற்களை விரைவில் முயன்று பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, 1999இல் வெளிவந்த ‘பிகிரிப்ட்’ போன்ற முறைகள் இம்மாற்றத்தை வேண்டுமென்றே மெதுவாகச் செய்கின்றன. ஒரு சரிபார்ப்புக்குக் கால் நொடி என்று கொண்டால், பிராசஸரின் ஒரு கோர் நொடிக்கு நான்கு பேரைத்தான் உள்ளே விடும். நொடிக்கு 10,000 பேர் வந்தால் 2,500 கோர்கள் வேண்டும். செலவுக்கு அஞ்சி ஹேஷை எளிதாக்குவது, கூட்டத்துக்காகப் பூட்டையே கழற்றிவிடுவதற்கு ஒப்பாகும்.

தளம் எத்தனை பேரைத் தாங்கும் என்பதை முன்கூட்டியே அறிவதற்குத்தான், ‘ஜேமீட்டர்’ போன்ற மென்பொருளால் பொய்ப் பயனர்களை உருவாக்கித் தளத்தின்மேல் ஏவும் சுமைச் சோதனை நடத்தப்படுகிறது. ஆனால் எல்லாப் பொய்ப் பயனர்களும் ஒரே கணக்கில் நுழைந்தால், தரவுத்தளம் அந்த ஒரு பதிவை நினைவகத்தில் வைத்துக்கொண்டு எளிதாகத் தேறிவிடும். பக்கம் திறக்கத் தாமதமானால் மனிதர் பொறுத்திராமல் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவர், பொய்ப் பயனரோ சொன்னபடி காத்திருப்பார். இவ்வளவு சாதுவான கூட்டம் எந்தத் தளத்துக்கும் வாய்ப்பதில்லை.

ஹெல்த்கேர்.கவ் தளத்தைப் பொறுத்தவரை அந்த நுணுக்கங்களுக்கு இடமே இருக்கவில்லை. திறப்புக்குச் சில நாள் முன்பு, சில நூறு பேர் ஒருசேர வந்ததாகப் பாவித்துச் சோதித்தபோதே அது முடங்கியதாகச் செய்தி வெளியானது. கணக்கில்லாமலே விலையைப் பார்க்கும் வசதி அந்த அக்டோபரிலேயே சேர்க்கப்பட்டது. கூட்டம் மிகும்போது வந்தவர்களைக் காத்திருக்கச் செய்யும் வரிசைப் பக்கம் ஆண்டிறுதிக்குள் வந்தது. உள்நுழைவு அமைப்பையே புதிதாக எழுதி மாற்றும் வேலை அதற்குப் பின்னும் நீண்டது.