பங்குச் சீட்டும் வீட்டுக் கணக்கும்

(வ.உ.சி. பிறந்தநாளையொட்டித் துறைமுகப் பகுதி ஆசிரியர்கள் கூடியபோது ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். 1872-ஆம் ஆண்டு அதே நாளில்தான் இங்கே பக்கத்தில் ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சிதம்பரனார் பிறந்தார். அன்று நம் கைக்குப் பூக்களும் வாழ்த்து அட்டைகளும் வந்துவிடுகின்றன. அவருக்குக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கிடைக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டு பட்டங்கள் தவறாமல் வரும்: கப்பலோட்டிய தமிழன், செக்கிழுத்த செம்மல். பிள்ளைகள் மூச்சு விடாமல் சொல்வார்கள். கப்பல் வாங்கப் பணம் எப்படி வந்தது என்று கேட்டால் விழிப்பார்கள். அவர் சிறையில் இருந்தபோது வீடு என்ன ஆனது என்று நாமும் கேட்பதில்லை. இந்த இரண்டையும் பற்றித்தான் பேச வந்தேன்.

இன்று நாம் பார்க்கும் துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகமானது. 2011-இல் அவர் பெயரைப் பெற்றது. அவர் அறிந்த துறை வேறு. கடல் ஆழமில்லாததால் கப்பல் கரைக்கு வராது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் படகிலும் தோணியிலும் போய்ச் சேர வேண்டும். கொழும்புப் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் பிடியில் இருந்தது.

அந்தப் பிடியை உடைக்க, வக்கீலான வ.உ.சி. வணிகத்தில் இறங்கினார். 1906-இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். இதை எட்டாம் வகுப்பில் கணக்காகவே கொடுத்துப் பார்த்தேன். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார் என்றால் எத்தனை பங்கு? 8,000. ஐந்தில் ஒரு பகுதி ஒருவரிடம் என்றால் மீதிக்கு எத்தனை ஊர் அலைந்திருக்க வேண்டும் என்று ஒரு மாணவி கேட்டாள். வரலாற்றுப் பாடம் அங்கேதான் தொடங்கியது. கம்பெனியின் தலைவர் பாண்டித்துரைத் தேவர், மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்டவர். வ.உ.சி. வைத்துக்கொண்டது உதவிச் செயலாளர் பதவி. ஓடியாடும் வேலை எல்லாம் அந்தப் பதவிக்குத்தான் என்பது அலுவலகம் பார்த்த நமக்குத் தெரியாதா?

முதலில் வாடகைக் கப்பல்தான். எதிர்க் கம்பெனி கொடுத்த நெருக்கடியில் கப்பல் தந்தவர்கள் பின்வாங்கினார்கள். சொந்தக் கப்பல் இல்லாமல் பிழைக்க முடியாது என்று தெரிந்ததும் பம்பாய்க்குப் புறப்பட்டார். அப்போது மகன் உலகநாதன் நோயில் கிடந்தான்; மனைவி மீனாட்சி அம்மாள் நிறைமாதமாக இருந்தார். போக வேண்டாம் என்று சொன்னவர்களிடம், கப்பலோடுதான் திரும்புவேன், இல்லையேல் கடலில் விழுந்து சாவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். 1907-இல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. போட்டிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் காசு வாங்காமல் ஏற்றிக் குடையும் கொடுக்கிறேன் என்றது.

"குடும்பத்தை மறந்து நாட்டுக்கு உழைத்தார்" என்று கட்டுரையில் எழுதச் சொல்கிறோம். எனக்கு அந்த வாக்கியம் பிடிப்பதில்லை. அவர் மறக்கவில்லை, தெரிந்தே விட்டுப் போனார். இரண்டும் ஒன்றல்ல. அப்பா கடலுக்குப் போன வீட்டிலிருந்து நம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு நம்மைவிட நன்றாகப் புரியும்.

1908 பிப்ரவரியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்ட அவர்களோடு, ஒரு கம்பெனியை நடத்துகிறவரே போய் நின்றார். ஒன்பது நாளில் ஆலை இறங்கி வந்தது. மார்ச் 12-இல் கைது. ஜூலையில் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். கூட்டினால் 40 ஆண்டு. அந்தச் செய்தி கேட்டு அதிர்ந்த தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கியது. அது பிறகு தெளியவே இல்லை. செக்கைப் பற்றிச் சொல்லும் நாம் இந்தத் தம்பியைப் பற்றியும் ஒரு வரி சொல்ல வேண்டும்.

மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. வக்கீல் உரிமையும் பறிபோயிருந்தது. 40 வயதில் மனைவி மக்களோடு சென்னையில் குடியேறி, சின்னச் சின்ன வியாபாரம் செய்து பார்த்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தி வழியாக வர வேண்டியிருந்தது. அதற்காகக் காந்திக்குக் கடிதமேல் கடிதம் எழுதினார். 1916-இல் 347 ரூபாய் 12 அணா வந்தது. லட்சங்களைத் திரட்டியவர் சில நூறு ரூபாய்க்காகக் கடிதம் எழுதியதைச் சிலர் சங்கடமாக நினைக்கிறார்கள். இதில் என்ன சங்கடம்? வீட்டில் சோறு வேண்டும், கேட்டார்.

பிறகு வாலிஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் வக்கீல் உரிமை திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்குத் தம் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துச் செக்கிழுத்தவர் வெள்ளையர் ஒருவரின் பெயரைத் தம் வீட்டுக்குள் வைத்து அழைத்தார். ஆட்சியை எதிர்ப்பதும் ஆளை வெறுப்பதும் வேறு வேறு என்று பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. கோவில்பட்டியில் சில ஆண்டுகள் வழக்காடிவிட்டு, 1932-இல் தூத்துக்குடிக்கே திரும்பினார். நடுவில் தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தது தனியே ஓர் உரைக்குரிய செய்தி, தமிழாசிரியர்கள் பேசட்டும்.

1936 நவம்பர் 18 அன்று, தம் விருப்பப்படியே கொண்டு செல்லப்பட்ட காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது. அதற்கு முன் அவர் எழுதிவைத்த உயிலில் சொத்தைவிடக் கடன்தான் முன்னால் நிற்கிறது. துணிக்கடைக்கு இவ்வளவு, எண்ணெய்க்கடைக்கு இவ்வளவு என்று தூத்துக்குடிக் கடைகளின் பாக்கியை ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். மீனாட்சி அம்மாளும் பிள்ளைகளும் என்ன ஆவார்கள் என்ற கவலை அதில் வரிக்கு வரி தெரிகிறது.

பங்குக் கணக்குப் போட்ட அதே வகுப்பில் இந்த உயிலையும் வாசிக்கக் கொடுங்கள். நடை எளிதுதான். வாசித்து முடித்ததும் பிள்ளைகளே கடன்களைக் கூட்டிப் பார்ப்பார்கள்.