நிழலைப் படிக்கும் மருத்துவம்



மருத்துவர் என்றதும் நாடி பார்ப்பவரும் கத்தி எடுப்பவருமே நம் நினைவுக்கு வருவர். நோயாளியின் முகத்தைப் பெரும்பாலும் காணாமல், அவருடைய உடலின் நிழலைக் கண்டே நோயறியும் மருத்துவரும் உண்டு. அவரே கதிரியல் நிபுணர். குழித்துறையில் பிறந்து, சென்னையில் கதிரியல் பயின்று, பிரிட்டனின் தேசிய சுகாதாரப் பணியில் பல ஆண்டுகள் இத்தொழிலைச் செய்தவன் நான்.

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். பௌதிகத்துக்கான முதல் நோபல் பரிசு 1901இல் அவருக்கே கிடைத்தது. தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. அதனால் அது விரைவில் உலகின் பொதுச் சொத்தாயிற்று. சென்னை அரசு பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் திறக்கப்பெற்றது.

பிரிட்டனின் சுகாதாரப் பணி 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. வரிப்பணத்தால் நடக்கும் அதன் மருத்துவமனையில் செல்வரும் வறியரும் அருகருகே படுத்திருப்பர். இந்தியா, இலங்கை முதலிய நாடுகளில் பயின்ற மருத்துவர் பலர் அப்பணியைத் தாங்கி வந்துள்ளனர். அங்குள்ள பொது மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றால் வேலை செய்யலாம். நம்பிக்கை பெறுவதோ அறிக்கையின் தெளிவினால்தான். பல கல் தொலைவில் உள்ள குடும்ப மருத்துவர் நம் முகத்தை அறியார். நாம் எழுதும் நான்கு வரிகளையே அறிவார்.

ஒருமுறை முதியவர் ஒருவரின் மார்புப் படம் வந்தது. நுரையீரலின் உச்சியில் புளியங்கொட்டை அளவில் ஒரு நிழல். புற்றுநோயாக இருக்கலாம், ஆறிப்போன காசநோயின் தழும்பாகவும் இருக்கலாம். அந்த ஒரு படத்தை எத்தனை நேரம் உற்று நோக்கினாலும் விடை கிட்டாது. பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த அவருடைய படம் மருத்துவமனையில் பாதுகாக்கப்பட்டிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டேன். அதே இடம், அதே அளவு. தழும்பு என்று எழுதினேன். முதியவர் கத்திக்குத் தப்பினார். அவரைக் காத்தது என் கூர்மையன்று, பழைய படமே.

நம் ஊரில் படம் பெரும்பாலும் நோயாளியின் வீட்டுக்கே போகிறது. பாய்க்கடியிலும் பரணிலும் கிடந்து மழைக்காலத்தில் ஒட்டிப்போகிறது. அடுத்த ஆஸ்பத்திரியில் புதிய படம், புதிய செலவு, ஒப்பிடவோ ஒன்றுமில்லை. மாணவர்களே, உங்கள் வீட்டு முதியோரின் படங்களைத் தேதி எழுதி, நனையாமல் எடுத்து வையுங்கள். இதற்கு மருத்துவப் படிப்பு வேண்டுவதில்லை.

"பொதுப்பணத்தில் படித்துவிட்டுச் செல்வ நாட்டுக்கு உழைப்பது முறையா?" என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. லண்டனில் பயின்ற சோமர்வெல் என்னும் மருத்துவர், 1922இல் எவரெஸ்ட் மலைப் பயணம் முடிந்து இங்கே நெய்யூருக்கு வந்தார். மருத்துவமனையில் குவிந்த நோயாளரைக் கண்டு, லண்டன் வாழ்வை விடுத்து இங்கேயே பணியாற்றத் துணிந்தார். அறிவு கடல் கடப்பது தவறன்று. அது எவருக்குக் கடன்பட்டது என்பதை மறப்பதே தவறு. ஊர் திரும்பிய பின், என்னிடம் வருவோரை நான் முதலில் கேட்பது இதுதான்: "பழைய படம் இருக்கிறதா?"