மாதக் கடைசியும் மக்கள் பணமும்



தாப்பா பெரிய பட்டணம் அல்ல. பத்தாங் பாடாங் மாவட்டத்தின் தலைநகர், கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையின் அடிவாரம், சற்றுத் தள்ளி தாப்பா ரோட்டில் ஒரு ரயில் நிலையம், அவ்வளவுதான். ஆனால் இந்த ஊரைச் சுற்றியும் பீடோர் பக்கமும் பால் மரம் வெட்டிய குடும்பங்கள் ஏராளம். ரப்பர் போய் செம்பனை வந்தது. லயத்து வீடுகளை விட்டு மக்கள் தாமான்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பெருந்தொகை கைக்கு வரும். அது 55 வயதில் கிடைக்கும் ஊழியர் சேமநிதிப் பணம்.

அந்தப் பணத்தை என்ன செய்வது? யாரிடம் கேட்பது? வங்கியில் போட்டு வைக்கலாம் என்பார் ஒருவர். யூனிட் டிரஸ்ட் வாங்கலாம் என்பார் இன்னொருவர். கடைசியில் கடை வீட்டின் மாடியில் இருக்கும் நிதி ஆலோசனை அலுவலகத்திற்கோ, காப்புறுதி விற்கும் சொந்தக்காரப் பையனிடமோதான் போய் நிற்கிறோம். கோவிட் காலத்தில் 2020 முதல் 2022 வரை நான்கு சிறப்புத் திட்டங்களின் வழி சேமநிதியிலிருந்து மக்கள் எடுத்த பணம் 145 பில்லியன் வெள்ளி. ஆகவே பலருக்கு மிச்சம் இருப்பதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திற்கு ஆலோசனை சொல்பவர் தவறினால் மறுபடி சம்பாதிக்க வயது இருக்காது.

ஆலோசகர் நல்லவரா, உரிமம் உள்ளவரா என்று விசாரிக்கிறோம். விசாரிக்கத்தான் வேண்டும். நம் நாட்டில் நிதி ஆலோசகர் என்றோ நிதித் திட்டமிடுநர் என்றோ நினைத்தபடி பெயர்ப் பலகை மாட்டிக்கொள்ள முடியாது. 2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டத்தின் கீழ் பேங்க் நெகாராவும், 2007-ஆம் ஆண்டின் மூலதனச் சந்தை, சேவைச் சட்டத்தின் கீழ் செக்யூரிட்டீஸ் கமிஷனும் அனுமதி கொடுக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தவர்கள்கூட ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த ஆலோசகரை அவருடைய அலுவலகம் எப்படி நடத்துகிறது என்று யாரும் கேட்பதில்லை. அது அவர்கள் வீட்டு விவகாரம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது நம் பணத்தின் விவகாரம்.

எதிரில் உட்கார்ந்திருக்கும் அந்த இளைஞரைக் கொஞ்சம் பாருங்கள். வயது 24 இருக்கலாம். டிப்ளோமா முடித்தவர். கழுத்துப்பட்டை, கையில் மடிக்கணினி. பார்ப்பதற்கு மாதச் சம்பளக்காரர்போல் இருப்பார். ஆனால் பெரும்பாலான முகவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, கமிஷன் மட்டும்தான். ஆயுள் காப்புறுதியில் அந்தக் கமிஷனும் முதல் சில ஆண்டுகளுக்குத்தான் வரும், அதிலும் முதலாண்டில்தான் கூடுதல். புதிதாக விற்றால்தான் அடுத்த மாதம் மோட்டார் சைக்கிள் தவணை கட்ட முடியும்.

வேலைவாய்ப்புச் சட்டம் திருத்தப்பட்டு 2023 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்தது. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. மனைவி பிள்ளை பெற்றால் கணவருக்கு 7 நாள் விடுப்பு. நல்ல மாற்றங்கள்தாம். ஆனால் கமிஷன் முகவர் பொதுவாகத் தொழிலாளி என்று கருதப்படுவதில்லை. ஒப்பந்தக்காரர் என்பதால் இவை எதுவும் அவரை எட்டுவதில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஊரார் சேமநிதியைப் பற்றி மணிக்கணக்கில் விளக்கும் இளைஞருக்குச் சொந்தச் சேமநிதியில் ஒரு காசு ஏறியிருக்காது. சுயதொழில் செய்வோர் தாமாகவே பணம் போட்டால் அரசாங்கமும் ஒரு பங்கு சேர்க்கும் ‘ஐ-சரான்’ திட்டம் இருக்கிறது. அதில் பதிந்தாயா தம்பி என்று அவருடைய அலுவலகத்தில் யாராவது கேட்டிருப்பார்களா?

தோட்டத்தில் இருந்தவர்களுக்குப் பெரட்டு நினைவிருக்கும். விடியற்காலையில் வரிசையாக நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவார்கள். வராதவனுக்கு அன்று வேலை இல்லை, வந்தவனுக்கும் நேற்றைய பால் குறைந்திருந்தால் எல்லார் முன்னிலையிலும் ஏச்சு. விற்பனை அலுவலகங்கள் சிலவற்றில் நடக்கும் காலைக் கூட்டம் அதன் குளிர்சாதன வடிவம். வெள்ளைப் பலகையில் எல்லார் பெயரும், எதிரே அவரவர் விற்ற தொகையும். பூஜ்யம் போட்டிருப்பவரை எழுப்பிக் கேள்வி கேட்பது. மாதக் கடைசி வாரத்தில் இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் மேலாளரின் செய்தி. இதை ஊக்கம் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

அப்படி விரட்டப்பட்டவர் 28-ஆம் தேதி எந்த வீட்டுக்குப் போவார்? தெரிந்த வீட்டுக்குத்தான். அத்தை வைத்திருக்கும் பழைய காப்புறுதியை நிறுத்தச் சொல்லிப் புதியதை எழுதுவார். பழையதில் சேர்ந்த மதிப்பு போகும். வயது கூடியதால் சந்தா ஏறும். இடையில் வந்த நீரிழிவைக் காரணம் காட்டிச் சில நோய்களுக்குப் பாதுகாப்பும் மறுக்கப்படலாம். ஆறு மாதத்தில் அவரும் சலித்துப்போய் வேலையை விட்டு சிங்கப்பூர் போய்விடுவார். அவர் எழுதிய பத்திரங்கள் கேட்பாரற்றுக் கிடக்கும். மருத்துவமனையில் சேர்ந்த அன்று யாரை அழைப்பது என்று தெரியாமல் குடும்பம் விழிக்கும். புதிய ஆயுள் காப்புறுதிப் பத்திரம் கைக்கு வந்த 15 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம் என்ற விதி இருக்கிறது. சொல்பவர் இருந்தால்தானே தெரியும்?

சிறிய ஊரில் நடப்பது இது. பெரிய அளவில் நடந்ததையும் உலகம் பார்த்தது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டு சேவைகளை விற்க வேண்டும் என்று ஊழியர்களை நெருக்கியது. நெருக்கடி தாங்காத ஊழியர்கள் வாடிக்கையாளர் அறியாமலேயே அவர்கள் பெயரில் இலட்சக்கணக்கான கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் 185 மில்லியன் டாலர் அபராதம் விழுந்தது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஏறக்குறைய 5,300 ஊழியர்களை வங்கியே வேலையிலிருந்து நீக்கியிருந்தது. 2020-இல் இன்னும் 3 பில்லியன் டாலர் கட்டி வழக்கைத் தீர்த்தார்கள். அந்த 5,300 பேரும் பிறவித் திருடர்கள் அல்லர். இலக்கை வைத்தவர்கள் மேலே இருந்தார்கள், அடிபட்டவர்கள் கீழே இருந்தார்கள்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று சென்னையில் இருக்கிறது. ஆர். தியாகராஜன் கணிதமும் புள்ளியியலும் படித்தவர். 1961-இல் காப்புறுதி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1974-இல் நண்பர்களோடு ஸ்ரீராம் சீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். (நம் நாட்டில் கூட்டு 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. இந்தியாவில் அது பதிவு பெற்று நடக்கும் தொழில்.) பிறகு பழைய லாரி வாங்கும் ஓட்டுநர்களுக்குக் கடன் கொடுக்க ஆரம்பித்தார். சம்பளச் சீட்டு கிடையாது, வங்கிக் கணக்குப் புத்தகம் கிடையாது. அப்படிப்பட்டவர்களை வங்கிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலம் அது.

அங்கே கவனிக்க வேண்டியது வேலை முறை. லாரிக்கடனை எழுதிக்கொடுக்கும் களப்பணியாளரே பின்னர் தவணையையும் வசூலிக்க வேண்டும். கொடுத்துவிட்டு ஓடிப்போக முடியாது. ஓட்டுநர் யார், எந்தப் பாதையில் லாரி ஓடுகிறது, வீட்டில் என்ன நிலைமை என்பதெல்லாம் அந்தப் பணியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தவறான ஆளுக்குக் கடன் கொடுத்தால் வெயிலில் அலைபவரும் அவரேதான். இப்படிப் பொறுப்பைக் கொடுக்கும்போது, அந்தப் பணியாளரை நீண்ட காலம் தங்க வைக்கும் கடமை நிறுவனத்துக்கு வந்துவிடுகிறது. ஆறு மாதத்துக்கு ஓர் ஆள் மாறினால் இந்த முறையே நடக்காது.

2006-இல் ஸ்ரீராம் உரிமை அறக்கட்டளை ஏற்பட்டது. 750 மில்லியன் டாலருக்கு மேல் பெறுமானமுள்ள தம் பங்குகளை ஊழியர்களுக்கே கொடுத்துவிட்டதாகத் தியாகராஜன் 2023-இல் ஒரு பேட்டியில் தெரிவித்தார். அறக்கட்டளையின் பயன் 44 மூத்த நிர்வாகிகளுக்குப் போகிறது. அப்போது குழுமத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்தனர். அவரோ சிறிய கார் ஒன்றில் போய் வந்தார், கைப்பேசி வைத்துக்கொள்ளவில்லை. போற்றத்தக்க மனிதர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. சந்தை நிலவரத்தைவிடக் குறைவாகத்தான் சம்பளம் கொடுப்பதாக அவரே சொல்லியிருக்கிறார். நம் ஊர் முதலாளிகள் அந்தப் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு பங்கைக் கொடுத்த மீதிப் பாதியை மறந்துவிட வேண்டாம்! மேல்மட்டத்து 44 பேருக்குக் கிடைத்தது கீழே வரை எவ்வளவு இறங்கியது என்ற கேள்வியும் நியாயமானதே.

பணத்தைத் தவிர இன்னொன்றும் வேண்டும். அது பயமின்மை. ஹார்வர்டு பேராசிரியை ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருப்பதைக் கண்டு திகைத்தார். பிறகுதான் புரிந்தது. அந்தக் குழுக்களில் தவறு அதிகம் நடக்கவில்லை, நடந்ததைச் சொல்லும் தைரியம் இருந்தது. மற்ற இடங்களில் தாதியர் மூடி மறைத்துவிட்டார்கள். நிதி அலுவலகத்துக்கும் இது அப்படியே பொருந்தும். “அந்த அம்மாவுக்குத் தவறான திட்டத்தை எழுதிவிட்டேன்” என்று ஓர் இளைஞர் பத்தாம் நாள் மேலாளரிடம் சொன்னால் 15 நாள் கெடுவுக்குள் சரிசெய்துவிடலாம். ஏச்சுக்குப் பயந்து அவர் வாயை மூடினால், பல ஆண்டுகள் கழித்து அந்த அம்மாதான் அழ வேண்டும்.

தாப்பாவில் பத்துப் பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகம் இதற்கெல்லாம் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். கோடி வெள்ளி பங்கு வேண்டாம். முதல் ஆறு மாதத்துக்கு ஒரு நிலையான படி கொடுக்கலாம். அதைக் கமிஷனில் பிடித்துக்கொள்ளாமல் கொடுக்க வேண்டும், பிடித்தால் அது கடன்தான். புதியவரின் முதல் சில வாடிக்கையாளர் வீடுகளுக்கு மூத்தவர் ஒருவர் கூடவே போகலாம். பேச வேண்டாம், பக்கத்தில் இருந்தாலே போதும். வெள்ளைப் பலகையில் விற்பனைத் தொகைக்குப் பதிலாக, இந்த மாதம் எத்தனை பேருக்கு இழப்பீடு வாங்கிக் கொடுத்தோம், எத்தனை பத்திரம் கைவிடப்படாமல் நிற்கிறது என்று எழுதலாம்.

பெண் ஆலோசகர்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். வாடிக்கையாளர் வேலை முடிந்து வீட்டில் இருப்பது இரவில்தான். தெரியாத தாமானுக்கு, சில வேளை செம்பனைக் காட்டு வழியாக, இளம்பெண் தனியாகப் போய் வருகிறார். வீட்டுக்காரர் தகாத முறையில் பேசினால் “வாடிக்கையாளரைப் பகைக்காதே” என்பதுதான் பல மேலாளர்களின் பதில். பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டம் 2022-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் இருக்கட்டும். அந்த வீட்டு வணிகம் நமக்கு வேண்டாம் என்று மேலாளர் தாமே தொலைபேசி எடுத்துச் சொன்னால், மறுநாளே அலுவலகம் முழுவதற்கும் தைரியம் வரும். ஒரு விற்பனை போகும், போகட்டுமே.

பேராவில் இதற்கு நல்ல முன்னோடி உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கைத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டினார்கள். தோட்டம் தோட்டமாகப் போய் விளக்கிச் சொல்ல ஆள் இருந்ததால்தான் எழுதப் படிக்கத் தெரியாதவரும் நம்பிப் பணம் கொடுத்தார். 1986-இல் 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடங்கி ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் பணம் சிக்கியது நம் நாட்டில்தான். ஒருமுறை சூடு கண்ட மக்கள் அலுவலகத்தின் கண்ணாடிக் கதவைப் பார்த்து நம்புவதில்லை, வருபவரின் முகத்தைப் பார்த்துத்தான் நம்புகிறார்கள்.

அந்த முகம் மாறும்போதும் ஒரு மரியாதை வேண்டும். ஓர் ஆலோசகர் வேலையை விட்டுப் போகிறார் என்றால், புதியவரை அழைத்துக்கொண்டு பழையவரே வீடு வீடாகப் போகட்டும். “இனிமேல் இவர் பார்த்துக்கொள்வார்” என்று அறிமுகம் செய்து, பத்திரத்தை எடுத்து வைத்து, எதற்குப் பாதுகாப்பு இருக்கிறது, எதற்கு இல்லை என்று மூவரும் உட்கார்ந்து ஒருமுறை படிக்கட்டும். அதற்காகும் இரண்டு வாரத்துக்கும் பெட்ரோலுக்கும் அலுவலகம் அவருக்குப் பணம் கொடுக்கட்டும்.