முகங்கொடுத்தல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



புகைப்படக் கலையைப் பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைப் பணித்தார். கமராவின் நுட்பங்களை விளக்க என்னிலும் தகுதியுடையோர் இச்சபையிலே இருக்கின்றனர். ஆதலின், ஒருவருடைய முகத்தைப் படம் பிடிக்கும்போது அவரோடு நாம் எவ்விதம் பழகுகின்றோம் என்பதை மட்டும் சொல்ல விரும்புகின்றேன். என் பிழையிலிருந்தே தொடங்குகின்றேன்.

சென்ற வருட விடுமுறையிலே, கும்பிழாவளைப் பிள்ளையார் கோயிலுக்குப் போகும் வழியில், ஆச்சி ஒருவர் தோட்டத்தில் வெங்காயத்துக்குக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். காலை வெயில் செம்மண்ணிலும் அவர் முகத்திலும் ஒருங்கே விழுந்தது. வேலியோரம் நின்றபடியே கைத்தொலைபேசியை நீட்டிப் படம் எடுத்துவிட்டேன். ஆச்சி சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு, "ஆற்றை பிள்ளை நீ? என்ரை முகத்தை என்னத்துக்குக் கொண்டுபோறாய்?" என்றார். மறுமொழி சொல்ல நாவெழாமல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டேன்.

அந்தக் கேள்வி மனத்தை உறுத்திக்கொண்டிருந்த நாட்களிலேதான் ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கில மாதின் படங்களைப் பார்க்க நேர்ந்தது. 1815 இல் கல்கத்தாவிலே பிறந்தவர். 48 ஆவது வயதிலேதான் கமராவைத் தொட்டார். ஈரங் காயாத கண்ணாடித் தகட்டிலே படம் பிடித்த காலம் அது. இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டும். வானசாஸ்திரி ஜோன் ஹெர்ஷலை 1867 இல் அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. இருவரும் 1836 முதல் நண்பர்கள். முப்பது வருடப் பழக்கம் அம்முதியவரின் கண்களிலே தெரிகின்றது என்றே எனக்குத் தோன்றுகின்றது. 1875 இல் அம்மையார் இலங்கைக்கு வந்து களுத்துறையில் வாழ்ந்தார். 1879 இல் மலைநாட்டிலே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கே எடுத்த படங்களும் அழகியவையே. ஆனால் அவற்றிலுள்ள நம் நாட்டவர் பெரும்பாலோருடைய பெயர் குறிக்கப்படவில்லை. நான் படித்த மிஷன் பாடசாலையிலே, வகுப்புப் படத்தின் கீழ் "நிற்பவர்கள், இடமிருந்து வலமாக" என்று எல்லார் பெயரையும் அச்சிடுவார்கள். அதன் அருமை அப்போதுதான் விளங்கிற்று.

நம் முதியோர் கமராவைக் கண்டதும் வாயை இறுக்கிச் சிலைபோல் நிற்பார்கள். வாலிபர்களாகிய நாம் சிரிக்கின்றோம். போர்க்காலத்திலே அடையாள அட்டையின்றிச் சோதனைச் சாவடியைக் கடக்க இயலாது. படம் என்றால் அந்த அட்டைப் படம் என்றே பழகியவர்கள் அவர்கள். கலியாணப் படங்களோ, 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தார் இரவோடிரவாகப் புறப்பட்டபோது எத்தனையோ வீட்டுச் சுவர்களிலேயே தங்கிவிட்டன. அதனாலேதான் முப்பத்தோராம் நாள் நினைவு மலரிலே அட்டைப் படத்தைப் பெருப்பித்துப் போடுகின்றோம். பேரப்பிள்ளைகள் அறிந்த முகம் அதுவன்று.

ஒரு கிழமை கழித்து ஆச்சி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "இரு மோனை" என்று விறாந்தையைக் காட்டினார். முகங்கொடுத்துப் பேசுதல் என்று நம் ஊரிலே சொல்லுகின்றோமே, அதை அன்று கண்டேன். வெங்காய விலை, மழை, என் பாட்டனார் துலா மிதித்த காலம் என்று பேச்சு நீண்டது. படத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அடுத்த முறை போனபோது அவரே கேட்டார்: "எங்கை உன்ரை போன்? வடிவா ஒரு படம் எடன். முப்பத்தோராம் நாளுக்கு உதவும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். போனை உயர்த்தினேன், உடனே அட்டைப் படத்து முகம் வந்துவிட்டது! போனை மடியில் வைத்துவிட்டு, அவரினும் தாழ்ந்த படியிலே இருந்து, முதற்பிள்ளை பிறந்த கதையைக் கேட்டேன். கதை பாதி போனபின், பேச்சை நிறுத்தாமல், போனை நெஞ்சளவுக்கு மட்டும் உயர்த்தி, கண்ணை அவர் கண்ணிலேயே வைத்து எடுத்தேன். படம் சிறிது சரிந்துதான் இருக்கின்றது. முகம் அவருடையது.

சுன்னாகத்தில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்திருந்தார். பின்பு திருப்பி என்னிடமே நீட்டி, "பின்னாலை என்ரை பேரை எழுதிவிடு தம்பி" என்றார். பேனாவைக் கையிலெடுத்த பின்னரே, அவர் பெயரை நான் ஒருநாளும் கேட்கவில்லை என்பது தெரிந்தது.