தட்டு தூக்கும் வேலையா?



"படிக்காவிட்டால் கடையில் தட்டு தூக்கத்தான் போவாய்!" தோட்டத்தை விட்டு ஈப்போவுக்குக் குடிவந்த வீடுகளில் பிள்ளைகளை அதட்டும் வார்த்தை இது. அந்தத் தொழிலில் தலைமைப் பரிசாரகர் என்று ஒருவர் இருக்கிறார். ஹோட்டலில் அவரைக் 'கேப்டன்' என்பார்கள். அவருக்கு என்ன வேலை?

சுங்கை சிப்புட், பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். விடியற்காலைப் பெரட்டில் மண்டோர் ஆள் கணக்கெடுத்து, யாருக்கு எந்த நிரை என்று பிரித்துக் கொடுப்பார் அல்லவா? கேப்டனும் உணவகம் திறக்குமுன் பணியாளர்களைக் கூட்டி, யாருக்கு எந்த மேசை, எத்தனை பேர் முன்பதிவு, இன்று எந்த உணவு இல்லை என்று சொல்லிவிடுவார். ஒரே வித்தியாசம்: மரம் கோபித்துக்கொள்ளாது, வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார். அப்போது சமையலறைக்கும் மேசைக்கும் நடுவில் நின்று சமாளிப்பவரும் அவரே.

ஈப்போவில் இன்னொரு பொறுப்பும் உண்டு. ஒரு மேசையில் ஹலால் பார்க்கும் மலாய்க் குடும்பம். அடுத்ததில் மாட்டிறைச்சி தொடாத நம்மவர். இன்னொன்றில் சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடும் பாட்டி. யாருக்கு எது ஆகாது என்று தெரிய வேண்டும். மலாய், ஆங்கிலம், கொஞ்சம் கண்டனீஸ் பேச வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இதில் பாதி ஏற்கெனவே கைவசம்.

சரி, வருமானம்? பல ஹோட்டல் ரசீதுகளில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் இருக்கும். தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள இடங்களில் அது புள்ளிக் கணக்கில் ஊழியர்களுக்குப் பிரிக்கப்படுகிறது. 2013-இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் அமலானபோது, சில முதலாளிகள் அந்தப் பணத்தையே சம்பளத்தில் சேர்த்துக் கணக்குக் காட்டப் பார்த்தார்கள். ஹோட்டல் தொழிலாளர் சங்கம் விடவில்லை. குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்ப சேவைக் கட்டணத்தைப் பயன்படுத்தக்கூடாது என்று 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஆகவே பெற்றோர்களே, பிள்ளை ஹோட்டல் வேலைக்குப் போனால் தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள். சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் தனியாகவும் சேவைக் கட்டணம் தனியாகவும் இருக்கிறதா? சங்கத்தில் சேர்ந்திருக்கிறானா? இந்தத் துறைக்கும் எஸ்.கே.எம். திறன் சான்றிதழ் உண்டு. அதை எடுக்கச் சொல்லுங்கள். கையில் சான்றிதழ் இருந்தால் 'கேப்டன்' ஆகும் வழி கொஞ்சம் சுலபமாகும்.

கடைக்குப் போனால் விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மண்டோர் அதட்டிய குரலுக்கு ஓடியவர்கள்தான் நம் தாத்தா பாட்டிகள். அந்தக் குரல் நம் வாயிலிருந்து வரலாமா?