மக்காத குப்பை



நான் கிராமத்துக்காரி. எங்க எருக்குழியில போட்ட சாணி, சருகு எல்லாம் ஆறு மாசத்துல உரமாயிடும். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு குப்பை பெருங்குடிக்கு, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகுது. அதோட போற பேட்டரியில ஈயம், காட்மியம், பழைய டியூப்லைட்ல பாதரசம் இருக்கு. இதெல்லாம் மக்கவே மக்காது. மண்ணுல தங்கி, கீரை வழியா நம்ம தட்டுக்கே வரும். ஈயம் குழந்தைகளோட மூளையைப் பாதிக்கும்.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் கம்பெனி 2001-ல் மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவை அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினாங்க. அப்படியும் அங்கே மண்ணைச் சுத்தம் செய்யும் வேலை பல வருஷம் இழுத்தது. அதனால மண் கெடாம பாத்துக்கறதுதான் சுலபம்.

ஆத்தங்கரை, குப்பைமேட்டு மண்ணுல கீரை போடாதீங்க. மாடியில பை வச்சு, நல்ல செம்மண்ணும் தொழுவுரமும் போட்டு வளருங்க. செம்புக்காக ஒயரை எரிக்காதீங்க. மண்ணுல விளையாடின பிள்ளைக்குக் கை கழுவின பிறகுதான் சோறு.

திடக்கழிவு விதிப்படி பேட்டரி, டியூப்லைட்டைத் தனியாகத்தான் கொடுக்கணும். ஒவ்வொரு குழுவும் கூட்டம் நடக்கிற இடத்துல இதுக்குன்னு ஒரு டப்பா வைப்போம். மாசம் ஒரு தடவை தூய்மைப் பணியாளரிடம் தனியா ஒப்படைப்போம். அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமா எழுதிடுவோம்.